கீழே இறங்கும் பேச்சு

போன மாதம் சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். உங்களில் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். பேறுகாலச் செவிலியர் பயிற்சி முடித்துப் புதிதாக வந்திருக்கும் பெண். பலாப்பழம் விற்பவர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "மேடம், ஒரு பொண்ணு ஊட்டுலயேதான் பெத்துக்குவேன்னு நின்னா, நாம போய்ப் பாக்கறது சரிங்களா, தப்புங்களா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. நல்ல வேளை. ஒரே வார்த்தையில் என்ன சொல்லியிருந்தாலும் அதில் பாதி பொய்யாக இருந்திருக்கும்.

அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தக் கொல்லிமலையில் முப்பது வருடத்துக்கும் மேல் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு எட்டு வருடம், கூப்பிட்டவர்கள் வீட்டுக்குப் போய்த் தனியாகப் பிரசவம் பார்த்தேன். இப்போது முழங்கால் மேடு ஏற மறுக்கிறது, நிறுத்திவிட்டேன். முதல் முப்பது வருடம் பிரசவத்துக்குப் பெண்களை வீட்டைவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிக்கொண்டு போவது என் வேலை. அடுத்த எட்டு வருடம் அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சண்டை போடுவது என் வேலை. இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான். இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இந்த மலையில் குறைவு. சிரித்துவிட்டுப் போகட்டும்.

மருந்தின் அளவும் கையுறை போடும் முறையும் உங்கள் புத்தகத்தில் இருக்கின்றன. அதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. எனக்கு எப்போது, யாரைப் பார்த்துப் பயம் வந்தது, அந்தப் பயத்தில் என்ன செய்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். 

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு நர்ஸாக எழுந்து அந்த மாதத்து விவரம் சொல்ல வேண்டும். வீட்டுப் பிரசவம் எத்தனை என்று கேட்பார்கள். "சைபர்" என்றால் உட்காரலாம். "ஒண்ணு" என்றால் எல்லோர் முன்னாலும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அப்படி நிற்பதற்கு நான் எவ்வளவு பயந்தேன் என்றால், கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே சோறு இறங்காது.

அந்த வாரத்தில் ஒருநாள் ஜீப் எடுத்துக்கொண்டு திண்ணனூர் நாட்டுப் பக்கம் போனேன். ரோட்டிலிருந்து ஒற்றையடிப் பாதையில் அரைமணி நேரம் ஏறினால் பத்துப் பன்னிரண்டு வீடுகள். அதில் ஒரு வீட்டில் வெள்ளையம்மா. தலைப்பிள்ளை, நிறைமாதம். வீட்டில்தான் பெற்றுக்கொள்வேன் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தாள். நான் போனபோது வீட்டில் ஆள் இல்லை. பின்னால் காப்பிக்காட்டில் செடிகளுக்கு நடுவே சேலைத் தலைப்பு தெரிந்தது. குத்துக்காலிட்டு, வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு ஒளிந்திருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழைத்து வந்தேன் என்று அன்றைக்கு ரிப்போர்ட்டில் எழுதினேன். இழுத்து வந்தேன் என்பதுதான் உண்மை.

எழுபது கொண்டை ஊசி வளைவிலும் அவள் வாந்தி எடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை, சுகப்பிரசவம். கூட்டத்தில் "சைபர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பாராட்டினார்கள். வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன், அதையும் மறைக்க விரும்பவில்லை.

மூன்று வருடம் கழித்து வெள்ளையம்மா மறுபடி உண்டானாள். இந்தத் தடவை எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. பரிசோதனைக்கு வரவில்லை, ஊசி போட்டுக்கொள்ளவில்லை, சேலையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மரவள்ளிக் காட்டில் வலி வந்திருக்கிறது. அங்கேயே, தனியாக. பிள்ளை கால் முதலாக வந்திருக்கிறது. பெண் குழந்தை, பிழைக்கவில்லை. அவள் பிழைத்ததே அதிசயம். மூன்றாம் நாள் காய்ச்சலோடு கிடந்தவளைப் பார்க்கப் போனேன். "ஏன் வெள்ளையம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "உங்ககிட்டச் சொன்னா ஜீப்பு வருமுங்க. அதான் சொல்லுலீங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் அங்கிருந்து இறங்கி வந்து ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அழுதேன். வீட்டில் பெற்றதால் அந்தக் குழந்தை சாகவில்லை. பக்கத்தில் விவரம் தெரிந்த ஒரு கைகூட இல்லாமல் பிறந்ததால் செத்தது. அந்தக் கை என்னுடையதாக இருந்திருக்கலாம். காப்பிக்காட்டில் நான் பிடித்து இழுத்த அன்றைக்கே அதற்கான வழியை அடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வருடக்கணக்காகப் பாதையில் எதிர்ப்பட்டால் வெள்ளையம்மா ஒதுங்கி நின்று வழிவிடுவாள், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றதும் தனியாகப் பிரசவம் பார்க்கிறேன் என்று சொன்னபோது என் கூட வேலை செய்தவர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் நான் எல்லோருக்கும் தலையாட்டவில்லை. ரத்தக்கொதிப்பு, ரத்தம் குறைவு, முன்னால் வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை, தலை திரும்பாத பிள்ளை என்றால், "நீ எங்கூடச் சண்டை போட்டாலும் பரவால்ல கண்ணு, நான் வரமாட்டேன், ஆஸ்பத்திரிக்கு வேணா உங்கூட வாரேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். தகுதியான உடம்பு, தெளிவான மனசு, இரண்டும் இருந்தால்தான் ஒத்துக்கொள்வேன்.

ஒத்துக்கொண்ட பிறகு எட்டாம் மாதத்தில் ஒரு பேச்சு உண்டு. அதற்குக் கீழே இறங்கும் பேச்சு என்று நானே பேர் வைத்திருந்தேன். புருஷன், மாமியார், அம்மா யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. நானும் அந்தப் பெண்ணும் மட்டும் உட்கார்ந்து, எதெது நடந்தால் வீட்டை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு இறங்குவது என்று முடிவு செய்வோம். நான் சொல்லி அவள் தலையாட்டுவது கிடையாது. அவளே தன் வாயால் சொல்ல வேண்டும், அவள் சொன்னபடியே என் நோட்டில் எழுதி, அவள் கையெழுத்து வாங்குவேன். பிறகு அவளைத் தூளியில் ரோடு வரை தூக்கிவர நான்கு ஆள் யார் என்று பெயர் சொல்லி முடிவாகும். கடைசியாக வாடகை ஜீப். வலி வந்த நிமிடத்திலிருந்து அது ரோட்டில் நிற்க வேண்டும், மூக்கு இறக்கத்தைப் பார்த்தபடி.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் சிலம்பரசன் என் வீட்டுக்கு வந்தான். வெள்ளையம்மா மகன். அன்றைக்கு வயிற்றுக்குள் இருந்தபடி ஜீப்பில் வந்தானே, அவனேதான். மனைவி ரேவதிக்கு இரண்டாவது பிரசவம், வீட்டில் பெற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள், நீங்கள் வர வேண்டும் என்றான்.

நான் முதலில் கேட்டது இதைத்தான்: "உங்கம்மா என்ன சொன்னாங்க?"

"வேண்டாம்னு சொல்லுலீங்க. உங்க பேரைச் சொன்னதும் எந்திரிச்சு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிட்டாங்க."

ரேவதியைப் பார்த்தேன். நல்ல உடம்பு. எல்லாப் பரிசோதனையும் ஆஸ்பத்திரியில் ஒழுங்காகச் செய்துகொண்டவள், ஸ்கேன் சீட்டையெல்லாம் கவரில் போட்டு வைத்திருந்தாள். பிள்ளை தலை இறங்கி நன்றாக இருந்தது. மிளகுக் கொடி ஏறிய மரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். அவளே மூன்று சொன்னாள்: "பனிக்குடத் தண்ணி தெளிவா இல்லீன்னா எறங்கோணும். புள்ளையோட துடிப்பு கொறஞ்சா எறங்கோணும். ரத்தம் நிக்கலீன்னா எறங்கோணும்." எழுதிக்கொண்டேன். கையெழுத்துப் போடும்போது நிமிர்ந்து கேட்டாள்: "ஏனுங்க, இதொண்ணும் இல்லாம எனக்குச் சும்மா பயம் வந்துருச்சுன்னா?"

"பயந்தா நான் இருக்கறேன் சாமி," என்று சிரித்துக்கொண்டே சொல்லி நோட்டை மூடினேன். அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வலி ஒரு காலையில் வந்தது. ஏழு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தேன். அந்த வீட்டு வாசலின் விளிம்பில் நின்றால் கீழே ரோட்டின் ஒரு வளைவு தெரியும். எங்கள் வாடகை ஜீப் அங்கே சொன்னபடி நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். வெள்ளையம்மா அடுப்பில் தண்ணீர் காய வைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க" என்றாள். இருபத்து நான்கு வருடத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. 

பத்து மணி சுமாருக்கு நாய் குரைத்தது. மலைமேல் இருக்கும் அரசு ஆஸ்பத்திரியின் டாக்டர் வந்திருந்தார். மலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்த இளம் பெண். கூட ஓர் அலுவலர், எந்தத் துறை என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. ரேவதி பேறுகாலத் தேதி அவர்கள் ரிஜிஸ்டரில் இருக்கிறதல்லவா, அதை வைத்து வந்துவிட்டார்கள்.

"ஜீப் கீழ நிக்குது. கிளம்புங்கம்மா," என்றார் டாக்டர், ரேவதியைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க முப்பது வருஷம் சர்வீஸ் பண்ணவங்க. உங்களுக்குத் தெரியாதா? உங்க பிடிவாதத்துக்கு இந்தப் பொண்ணு உசுரைப் பணயம் வைக்கணுமா?"

"பிடிவாதம் என்னோடது இல்லீங்க டாக்டர். அவ உள்ளதான் இருக்கறா. அவகிட்டயே கேளுங்க."

கேட்பதற்குள் அந்த அலுவலர் முந்திக்கொண்டார். வீட்டில் பிறந்தால் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது, அது கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை, அது இல்லை, இது இல்லை என்று அடுக்கினார். வீட்டில் பிறந்த குழந்தைக்கும் பதிவு உண்டு, இருபத்தொரு நாளுக்குள் வீட்டார் போய்ச் சொன்னால் போதும், இதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று சொன்னேன். வீட்டில் பெறுவது குற்றம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்றும் கேட்டேன். அவர் ரோட்டுப் பக்கம் பார்த்தார். சிலம்பரசனுக்கு ரத்தம் சூடேறி, "எறங்கிப் போங்க சார், இது எங்க ஊடு" என்று கத்திவிட்டான். வெள்ளையம்மா வாசல்படியில் நின்று கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரேவதி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு வலி வந்து அடங்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.

"டாக்டரம்மா, மொதப் புள்ளைக்கு நான் கீழ ஆசுபத்திரிக்குத்தானுங்க போனேன். யாரும் புடிச்சு இழுக்கல, நானே போனேன். அங்க எம்மேல கைய வெக்கறதுக்கு முன்னால என்ன பண்றாங்கன்னு ஒருத்தரும் சொல்லுலீங்க. கத்துனேன்னு தொடையில அடிச்சாங்க. இவர உள்ள விடுலீங்க, வெளியவே நின்னாரு. எனக்கு உசுரு போயிரும்னு பயம் இல்லீங்க. அந்த ரூமுக்குள்ள மறுக்காத் தனியாப் போவோணுமேன்னுதான் பயம்."

 டாக்டர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, ஆஸ்பத்திரிக்கு வரச் சொந்த விருப்பத்தில் மறுக்கிறேன் என்று எழுதி நீட்டினார். ரேவதி கையெழுத்துப் போட்டாள். "ஏதாவது ஆச்சுன்னா நான் சும்மா விடமாட்டேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டு டாக்டர் இறங்கிப் போனார்.  அவரும் பயந்திருந்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை, ஜெயித்த மிதப்பில் இருந்தேன்.

ஆமாம், மிதப்பு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பன்னிரண்டரை மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. துணியை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இல்லை. பச்சை. பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம். டாப்ளரை வயிற்றில் வைத்துத் துடிப்பைக் கேட்டேன். வலியின்போது இறங்கியது, பிறகு ஏறியது, ஆனால் ஏற நேரம் எடுத்துக்கொண்டது. நோட்டில் முதல் வரி எதுவோ அதுதான் நடந்திருந்தது. நான் "கெளம்பு" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு மாணவிகூடச் சொல்லியிருப்பாள்.

நான் சொல்லவில்லை. கதவு நிலையில் வெள்ளையம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் முன்னால் இன்னொரு தடவை ஜீப் என்று எப்படிச் சொல்வேன்? காலையில் டாக்டரிடம் அத்தனை பேச்சுப் பேசிவிட்டு, இரண்டரை மணி நேரத்தில் அதே ஆஸ்பத்திரி வாசலில் போய் எப்படி நிற்பேன்? வெளிர்ப் பச்சைதானே, இரண்டாவது பிள்ளைதானே, அரைமணியில் பிறந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "சித்த நேரம் பாக்கலாம்," என்றேன் வாய்விட்டு. அதோடு நிற்கவில்லை. அந்தத் துணியைக் கறை உள்ளே போகும்படி மடித்து, வெளிச்சம் படாத பக்கம் தள்ளி வைத்தேன்.

கை தானாகச் செய்தது என்று சொல்ல ஆசைதான். தானாகச் செய்யவில்லை.

மறுபடி கேட்டேன். மறுபடி இறங்கியது. கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.  முன்பு மாதக் கூட்டத்தில் நிற்பதற்குப் பயந்து ஒருத்தியை இழுத்துப் போனேன். இப்போது ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதற்குப் பயந்து ஒருத்தியை இருத்தி வைத்திருந்தேன். பன்னிரண்டு நிமிடம் அப்படிப் போயிற்று.

ரேவதி வலிக்கு நடுவில் கண்ணைத் திறந்தாள். "அந்தத் துணியை இப்படிக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல கண்ணு..."

"காட்டுங்க."

காட்டினேன். பார்த்தாள். "நாம எழுதுனதுல மொதலாவது இதுதானுங்களே?"

 ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க. எறங்கீரலாங்க. இப்பவே."

அவளுடைய அந்த வார்த்தைதான் என்னை மறுபடி நர்ஸ் ஆக்கியது. எழுந்தேன். "சிலம்பரசா, தூளி கட்டு, வண்டிய ஸ்டார்ட் பண்ணச் சொல்லு!" அவன் வாசல் விளிம்புக்கு ஓடினான். ஓடியவன் அங்கேயே நின்றுவிட்டான். "நம்ம வண்டி இல்லீங்க!" காலையில் வந்த அலுவலர் இறங்கிப் போகும்போது எங்கள் டிரைவரை மிரட்டி அனுப்பிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. "கவர்மெண்ட் ஜீப்புதான் நிக்குது. டாக்டரம்மா அது பக்கத்துல நிக்கறாங்க. அதும் கெளம்பப் போவுதாட்ட இருக்குதுங்க."

அங்கே போன் எடுக்காது. இவ்வளவு தூரத்துக்குக் குரல் எட்டாது. நான்கு ஆண்களும் தூளியை மூங்கிலில் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒருவரை விட்டாலும் தூக்க முடியாது. நான் ரேவதியை விட்டு நகரக் கூடாது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். 

வெள்ளையம்மா சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பாதையில் இறங்கி ஓட ஆரம்பித்தாள். ஐம்பதைத் தாண்டிய பெண், செருப்பு இல்லாமல், கல்லிலும் வேரிலும் கால் வைத்து, கையை ஆட்டிக்கொண்டு. "ஜீப்பு! ஏ ஜீப்பு! நில்லுங்க சாமி!" அவள் குரல் தோட்டத்துக்குத் தோட்டம் தள்ளித் தள்ளிக் கேட்டது. தூளிக்குப் பின்னால் இறங்கியபடி அதைக் கேட்டுக்கொண்டே போனேன். அந்த ஜீப்புக்குப் பயந்துதான் அவள் காப்பிக்காட்டில் ஒளிந்திருந்தாள். அந்த ஜீப்புக்குப் பயந்துதான் மரவள்ளிக் காட்டில் தனியாகக் கிடந்தாள். கண்ணீர் கண்ணை மறைத்தது, பாதை தெரியாமல் இரண்டு தடவை கால் தடுக்கியது.

ரோட்டுக்கு வந்தபோது ஜீப்பின் பின்கதவு திறந்திருந்தது. டாக்டர் கீழே நின்றிருந்தார். நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தூளிக்குப் பக்கத்தில் குனிந்து, "ரேவதி, நான் வயித்துல கை வச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டார். ரேவதி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாருங்க" என்றாள்.

மலைமேலேயே இருந்த ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம். சிலம்பரசனைப் பிரசவ அறைக்கு வெளியே நிறுத்தப் பார்த்தார்கள். "அவரும் வரட்டும், நர்சம்மாவும் வரட்டும்," என்றார் டாக்டர். செய்த ஒவ்வொன்றையும் முதலில் ரேவதியிடம் சொல்லிவிட்டுச் செய்தார். ஒருக்களித்துப் படுத்தபடியே, புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு பெற்றாள். பெண் குழந்தை. துவண்டு போய், சத்தமில்லாமல் வந்தது. டாக்டரும் நானும் அதன் மேல் குனிந்திருந்த நேரம் ஒரு நிமிடம்தான் என்று சொன்னார்கள். நான் நம்பவில்லை. பிறகு அது அழுதது. கோபமாக, நீளமாக அழுதது.

வெராந்தாவில் டாக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைச் சொன்னேன். துணியை மடித்ததையும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் எழுந்துபோக முடியவில்லை.

"அப்ப காலைலயே நான் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போயிருக்கணும், இல்லையா?" என்றார்.

"காலைல இழுத்திருந்தீங்கன்னா இந்தப் புள்ளை இப்பிடித் தொவளாமப் பொறந்திருக்குமுங்க. ஆனா அடுத்த தடவ உங்க ரிஜிஸ்டர்ல ரேவதி பேரே இருக்காது. அந்தப் புள்ளைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்." வெள்ளையம்மாவின் மரவள்ளிக் காட்டைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கைவிரலில் சொடக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏன் அத்தன நேரம் ரோட்டுலயே நின்னீங்க டாக்டர்?"

"அங்கதான் டவர் கிடைச்சுது. உட்கார்ந்து உங்க மேல புகார் எழுதிட்டு இருந்தேன். எழுதறதும் அழிக்கறதுமா ரெண்டு பக்கம் ஆயிடுச்சு."

"அனுப்பீருங்க. அனுப்ப வேண்டியதுதான்."

"அனுப்பறதா இல்லையான்னு யோசிக்கறேன்," என்றார். சிரிக்கவில்லை. பிறகு என் நோட்டை வாங்கி, ரேவதி கையெழுத்துப் போட்ட பக்கத்தை வெகு நேரம் படித்தார். அந்தப் புகார் என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டுப் பிரசவம் என்றால் அவர் முகம் இன்றும் சுளிக்கும், என்னோடு வாதாடாத நாள் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் போன ஒவ்வொரு வீட்டுக்கும் முன்கூட்டியே அவருக்குத் தகவல் சொன்னேன், அவரும் ஜீப்பை அனுப்பினார். அது ரோட்டிலேயே நிற்கும். மேலே யாரும் ஏறி வரமாட்டார்கள். கூப்பிட்டால் மட்டும்தான்.

என் நோட்டில் அன்றைக்கே நான்காவது வரி சேர்ந்தது: காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவள் பயமாக இருக்கிறது என்றால் இறங்க வேண்டும். ரேவதி கேட்டபோது சிரிக்காமல் எழுதியிருக்க வேண்டிய வரி அது. வீட்டில் பெறுவேன் என்று சொல்லும் உரிமைக்காக நான் யாரோடும் மல்லுக்கு நிற்பேன். வேண்டாம், போகலாம் என்று சொல்லவும் அதே வாய்க்கு உரிமை உண்டு என்பது எனக்கு அந்த வயதில்தான் உறைத்தது. உங்களுக்கு முன்னாலேயே உறைக்கட்டும் என்றுதான் என் மானத்தை இப்படிக் கடை பரப்புகிறேன்.

மூன்றாம் நாள் அதே ஜீப்பில் அவர்களை ஊருக்குக் கொண்டுபோய் விட்டார்கள். நானும் கூடப் போனேன். முன்னால் சிலம்பரசன், பின்னால் ரேவதி, எதிரே நானும் வெள்ளையம்மாவும். குழந்தை வெள்ளையம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஓடிய காலில் கட்டுப் போட்டிருந்தாள், இரண்டு விரல் நகம் பெயர்ந்திருந்தது. வளைவு வந்தபோதெல்லாம் குழந்தையின் தலையைக் கையால் ஏந்திக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள்தான் பேசினாள். குழந்தையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக.

"ஏனுங்க நர்சம்மா. அன்னிக்குக் காப்பிக்காட்டுல, எங்கைய புடிக்கறதுக்கு முன்னால, வாரியான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா, நானே எந்திரிச்சு வந்திருப்பனுங்க."